குமிச்ச படியும் தலைதட்டிய லிட்டரும்

எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் போன மாதம் எடை அளவு இலாகாவிலிருந்து ஓர் இளம் ஆய்வாளரைப் பேச அழைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை. மின்னணுத் தராசு, புதிய விதிகள் என்று விளக்கமாகவே பேசினார். கடைசியில், “கொள்கை எல்லாம் மேலே முடிவு பண்ணுவாங்க சார், நாம கீழே அமல்படுத்த வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அம்புட்டுதான்னா நாம எதுக்கு? முத்திரை குத்த ஒரு மெஷின் போதுமே!” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. “நீங்க என்ன பண்ணீங்க சார், சொல்லுங்க” என்று நேராகக் கேட்டார். சொல்ல வாயெடுத்தால், பஜ்ஜி ஆறிப்போகுது என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பேகம்பூர்க்காரன். அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், திண்டுக்கல் கடைவீதியில் சின்னதாக ஒரு பித்தளைப் பாத்திரக் கடை. இன்டர்மீடியட் படித்தேன், தேர்வு எழுதினேன், சென்னையில் சில மாதம் பயிற்சி கொடுத்து, ஐம்பதுகளின் நடுவில் எடை அளவு முத்திரை ஆய்வாளராக அனுப்பிவைத்தார்கள். என் படிப்புக் கதை அவ்வளவுதான்.

அப்போது அளவு என்றால் ஊருக்கு ஊர் ஒரு நியாயம். இந்த ஊர்ப் படி அடுத்த ஊரில் செல்லாது. வாங்குகிற படி ஒன்று, விற்கிற படி ஒன்று என்று ஒரே கடையில் இரண்டு வைத்திருந்த மகராசன்களும் உண்டு. அடியில் மெழுகு ஒட்டிய படி, விலாவில் நசுக்கிய படி எல்லாம் என் கையில் அகப்பட்டிருக்கின்றன. இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் டெல்லியில் சட்டம் போட்டார்கள். முதலில் அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது. பிறகு வீசைக்குப் பதில் கிலோ. கடைசியாக, அறுபதுகளின் தொடக்கத்தில், படிக்குப் பதில் லிட்டர். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான் திட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திகூட அளவில் ஏமாறக் கூடாது, அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மற்றப் பாடமெல்லாம் மறந்துபோச்சு, இது மறக்கவில்லை. அந்தச் சட்டத்தை நான் மனசார நம்பினேன்.

என் மேலதிகாரி சுந்தரவரதன் மதுரையில் இருந்தார். மாதம் ஒரு தடவை திண்டுக்கல் வருவார். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். நாம் ஃபைலைத் திறந்தால், “மூடுங்க. வாயால சொல்லுங்க” என்பார். சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால், “ம்” என்பார். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி வரும்: “இதுல யாருக்கு என்ன குறையுது?” அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஃபைல் திரும்ப நம் கைக்கே வந்துவிடும். கடைக்காரர் மேல் வழக்குப் போடலாம் என்று ஆசை ஆசையாகக் கொண்டுபோன எத்தனையோ ஃபைல்களை அந்தக் கேள்வியாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். ‘இந்த மனுசனிடம் குப்பை கொட்டுவதற்குச் சந்தையில் வெங்காயம் விற்கலாம்’ என்று ஆரம்பத்தில் வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

லிட்டர் வந்த புதிதில் சாணார்பட்டியில் முத்திரை முகாம் போட்டோம். பள்ளிக்கூடக் கூடத்தில் மேசை போட்டு, அரசாங்கத்தின் மூல அளவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்போம். வியாபாரிகள் தங்கள் லிட்டர் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பார்கள். மூல அளவையில் தண்ணீரை நிரப்பி, வாய் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளுவேன். தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு குமிழ்கூட நிற்கக் கூடாது. நின்றால் அளவு குறைவு, வழிந்தால் கூடுதல். சரியாக நிரம்பிய தண்ணீரை வியாபாரியின் பாத்திரத்தில் ஊற்றி, அதன் மேலும் அதே தகடு. சரியாக இருந்தால் விளிம்பில் ஈயப் பொட்டு வைத்து முத்திரை குத்துவேன். ‘டக்’ என்று அந்தச் சத்தம் கேட்டால்தான் வியாபாரி மூச்சு விடுவார்.

முகாமின் நடுவே வரிசையை விலக்கிக்கொண்டு ஐந்தாறு பெண்கள் உள்ளே வந்தார்கள். இடுப்பில் அரிவாள் செருகியிருந்தார்கள். முன்னால் நின்றவள் பேச்சி. நாற்பது வயதிருக்கும். பக்கத்து ஊரில் அறுப்புக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. கூலி பேசுவது, ஆள் சேர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

“ஆபீஸர் பாய் யாரு?”

“நாந்தாம்மா. என்ன வேணும்?”

மேசை மேல் இருந்த லிட்டரைக் காட்டினாள். “இதுதானா அது? இத வச்சுத்தான் எங்க வயித்துல அடிக்கிறாக.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது. விஷயம் இதுதான். அவர்களுக்குக் காலங்காலமாகக் கூலி தானியம். நாளுக்கு இத்தனை படி என்று கணக்கு. நல்லமுத்து என்ற நிலக்காரர், கிணற்றுப் பாசனத்தில் நல்ல விளைச்சல் எடுப்பவர், படியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். அரசாங்கம் படியை ஒழித்துவிட்டது, இனிமேல் எத்தனை படியோ அத்தனை லிட்டர் என்று சொல்லிவிட்டார்.

“லிட்டர் படியைவிடச் சின்னதுல்லம்மா?” என்றேன் நான்.

“சின்னதுன்னு ஒங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது, எம் புள்ளைக வயித்துக்குத் தெரியுது. அவருக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது! நாளைக்கு அறுப்பு. நாங்க வர மாட்டோம்னா வெளியூரு ஆளக் கொண்டாந்து லிட்டருக்கே அறுத்துருவாரு. ஒரு களத்துல அப்படி நடந்துச்சுன்னா இந்தப் பக்கம் பூராவும் அதுதான், எங்க பேரன் பேத்தி வரைக்கும். அரசாங்கம் எதுக்குங்க எங்க சோத்துல வந்து கை வைக்குது?”

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. யார் ஏமாறக் கூடாது என்று சட்டம் போட்டார்களோ அவளே வந்து, உன் சட்டத்தால்தான் ஏமாறுகிறேன் என்கிறாள். அதுவும் நான் குத்திய முத்திரையைக் காட்டி! “நாளைக்குக் காலையில களத்துக்கு வாரேன்” என்றேன்.

மறுநாள் சைக்கிளில் போய் இறங்கினேன். நல்லமுத்து கெட்டவர் இல்லை. மோர் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, “பாய், படியில அளந்தா நீங்க வந்து பிடிப்பீக. லிட்டருல அளந்தா இவுக மல்லுக்கு நிக்கிறாக. நான் என்னதான் செய்ய?” என்றார். நான் அரசாங்கத்தின் மாற்று அட்டவணையைப் பிரித்துக் காட்டினேன். எங்கள் பக்கத்துப் படி ஒன்றரை லிட்டருக்கும் சற்றுக் கூட. ஆகவே படிக்கு ஒரு லிட்டர் என்பது அநியாயம், ஒன்றரைக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, அட்டவணைப்படியே குடுத்துர்றேன்” என்றார். அடேயப்பா, இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். பேச்சியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“பாய், அந்தப் பழைய படிய எறக்கி, ஒருக்கா அளந்து காட்டச் சொல்லுங்க” என்றாள்.

படி வந்தது. களத்தில் அளப்பவர், “லாபம்” என்று முதல் படியை எடுத்தார். எங்கள் பக்கத்தில் முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்றுதான் எண்ணுவார்கள். நெல்லை வாய் வரை நிரப்பி, அதற்கு மேலும் கையால் அள்ளி அள்ளிக் குவித்து, இனி ஒரு மணி போட்டாலும் சரியும் என்ற நிலையில்தான் முறத்தில் கொட்டினார். கூலிப் படி என்றால் குமிச்ச படி. அப்படித்தான் வழக்கம். அட்டவணை போட்டவர்களோ வாயோடு வழித்த படியை, தலைதட்டிய படியைத்தான் படி என்று கணக்கிட்டிருந்தார்கள். மேலே நின்ற அந்தக் கூம்பு சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. சேதி தெரியாமல் நானும் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறேன்.

“குமிக்கிறது கூலி இல்ல பாய்” என்றார் நல்லமுத்து. “அது என் மனசு. நானாப் போடுறது. அதுக்கும் சட்டம் இருக்கா?”

இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. “நான் கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் வெளியூர் ஆளக் கூப்பிடாதீங்க” என்றேன். “கதிரு முத்திருச்சு. நாளைக்கு ஒரு நாள் தாங்கும். அதுக்கு மேல உதிரும், அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது” என்றார். அதுவும் நியாயம்தான். அங்கிருந்தே திண்டுக்கல் வந்து மதுரை பஸ் ஏறினேன்.

சுந்தரவரதன், “ஃபைல் எங்க?” என்றார். “இல்ல சார்” என்றேன். “நல்லது” என்று கண்ணை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான கேள்வி வந்தது.

“பேச்சிக்குக் குவியல் குறையுது சார்.”

“சட்டத்துல குவியல் கிடையாது. தெரியுமில்ல? ஒருத்தர் கை குவிச்சா மலை, இன்னொருத்தர் கை குவிச்சா மேடு. அந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் சட்டமே வந்துது.”

எனக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது. அதிகாரி முன்னால் பேசுகிறோம் என்பதுகூட மறந்துபோச்சு. “குவியலை ஒழிங்க சார், நான் வேண்டாங்கல. குவியல்ல இருந்த நெல்லை எதுக்கு ஒழிக்கணும்?”

கண்ணைத் திறந்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பிரிவை எனக்கு வாசித்துக் காட்டினார். பழைய அளவில் பேசி முடித்தது எதுவானாலும் அதற்குச் சமமான புது அளவில் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ‘சமமான’ என்று வந்த இடத்தில் விரலை ஊன்றினார்.

“எழுதினவருடைய எண்ணம் இதுதான். அளவு மாறினதால ஒருத்தனுக்கு ஒரு மணிகூட லாபமோ நஷ்டமோ ஆகக் கூடாது. அட்டவணை போட்டவர் களத்துப் பக்கம் போகல, அதுதான் தப்பு.” பிறகு புத்தகத்தை மூடினார். “ஆனா எழுத்துல உத்தரவு தர எனக்கு அதிகாரம் இல்ல. கூலி நம்ம இலாகாவும் இல்ல. நீங்க தலையிட்டீங்கன்னு மேல இருந்து கேள்வி வரும். வந்தா நான் உங்ககிட்ட விளக்கம் கேட்டுத்தான் ஆகணும்.”

“கேளுங்க சார், எழுதித் தாரேன்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு சார். இருந்தாலும் போறேன்.”

போனேன். விடிந்ததும் களத்தில் ஊரே கூடிவிட்டது. நல்லமுத்துவிடம் சட்டம் சொல்வதைச் சொன்னேன்: வழக்கமாகக் கொடுத்து வந்தது எவ்வளவோ அதற்குச் சமமாக லிட்டரில் கொடுக்க வேண்டும். அவர் தன் பிடியை விடவில்லை. “கூலிக்குச் சமமாக் குடுக்கேன். மனசுக்கு எப்படிப் பாய் சமம் கண்டுபிடிப்பீக?”

பேச்சி முன்னால் வந்தாள்.

“ஐயா, மழையில்லாத காலத்துல நாங்க ஒங்ககிட்டத்தான் நெல்லு கடன் வாங்குறோம். குடுக்கையில தலைதட்டிக் குடுப்பீக. அறுப்பு முடிஞ்சு நாங்க திருப்புறப்போ குமிச்சு வாங்குவீக. அந்தக் குமியல் யாரு மனசு? எங்க மனசுதான? இம்புட்டு வருசமா நாங்க குடுத்த மனசத் திருப்பிக் குடுத்துருங்க, ஒங்க மனச நாங்க கேக்கல.”

களம் கொல்லென்று சிரித்தது. நல்லமுத்துவோடு வந்திருந்த நிலக்காரர்களே வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் நல்லமுத்துவும் சிரித்துவிட்டார். “இவ வாய்க்கு நான் பதில் சொல்ல முடியாது. அளங்க பாய்” என்றார்.

யார் குவிப்பது என்று அடுத்த தகராறு கிளம்பியது. பேச்சியே தீர்த்துவைத்தாள். “அவரே குமிக்கட்டும். ஊரு பாக்குறப்போ கை தன்னால நெறைஞ்சுரும்.” நல்லமுத்து குவித்தார், நன்றாகவே குவித்தார். அதை லிட்டரில் போட்டுத் தலைதட்டி அளந்தேன். இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைந்தது.

“குறையுதுல்ல? அதைக் கழிச்சுத்தான் குடுப்பேன்” என்றார்.

“கழிச்சுக்கங்க. சின்ன ஆழாக்கு வச்சு ஒவ்வொருத்திக்கும் கழிச்சு அளங்க, நாங்க காத்திருக்கோம். கதிரு காத்திருக்குமா?” என்றாள் பேச்சி.

“போதும் தாயி, ரெண்டு லிட்டர்! போங்க, அறுப்பப் பாருங்க!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் வயலில் இறங்கினார்கள். நான் என் முகத்தை யாரும் பார்க்காமல் இருக்கச் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து நிலக்காரர்கள் நல்லமுத்துவைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் சொன்னான் என்று நீ பாட்டுக்குக் கொடுத்துவிட்டாய், இனி எங்கள் களத்திலும் கேட்பார்களே என்று சண்டை. மேலே புகாரும் போட்டார்கள். ஒருநாள் நல்லமுத்து பேகம்பூருக்கே வந்துவிட்டார். “பாய், நான் ஒருத்தன் மட்டும் குடுத்துக் கெட்டுப்போக முடியாது. அடுத்த அறுப்புக்குள்ள அரசாங்கத்துகிட்ட இருந்து எழுத்துல கொண்டாங்க. இல்லன்னா நானும் லிட்டருதான், வருத்தப்படாதீக” என்றார். பேச்சியின் இரண்டு லிட்டருக்கு ஒரு அறுப்புதான் ஆயுள் என்று ஆகிவிட்டது.

சொன்னபடியே என்னிடம் விளக்கம் கேட்டார்கள். “வேற ஊருக்கு மாத்திப் போட்டா புள்ளைக படிப்பு என்னாகும்?” என்று வீட்டில் அழுகை. ஆனாலும் ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினேன். சுந்தரவரதன் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “மூணு இடத்துல கோபப்பட்டிருக்கீங்க. ஒண்ணை மட்டும் அடிச்சுட்டேன், மத்த ரெண்டும் இருக்கட்டும். ஆனா ஒரு களத்தை வச்சுச் சர்க்கார் கொள்கையை மாத்தாது. பல களத்தைக் காட்டுங்க.”

காட்டினேன். முகாம் வேலை முடிந்த பிறகும், விடுமுறை நாளிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சாணார்பட்டிப் பக்கம் முடித்து, வத்தலக்குண்டு சாலையில் சேவுகம்பட்டி வரை போனேன். எங்கெங்கே கூலி தானியமோ அங்கெல்லாம் குமிச்ச படியை லிட்டரில் அளந்தேன். நெல் கூம்பாக நிற்கும். சோளம் ஓரளவு நிற்கும். கம்பு வழுகி ஓடிவிடும், அதற்குக் குவியல் கம்மி. ஆக எல்லாத் தானியத்துக்கும் ஒரே கணக்குப் போட்டாலும் தப்பு. சில களங்களில் உள்ளே விடவில்லை. “ஒங்களுக்கு வேற வேலை இல்லையா பாய்?” என்றார்கள். “இதுதான்யா என் வேலை” என்று வாசலிலேயே நின்றேன். நின்றால் எத்தனை நேரம்தான் விடாமல் இருப்பார்கள்? செத்த நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் தொகுத்து, சுந்தரவரதன் தன் கருத்தையும் எழுதிச் சேர்த்து மேலே அனுப்பினார். அவர் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

மாதங்கள் போயின. கதிர் பால் பிடித்தது. நான் தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவேன். அறுப்புக்குச் சில நாள் இருக்கையில் சுற்றறிக்கை வந்தது. கூலியாகத் தானியம் கொடுக்கும் இடங்களில், குவித்து அளக்கும் வழக்கம் இருந்தால், குவித்த அளவுக்குச் சமமாகவே லிட்டரில் கொடுக்க வேண்டும். அந்தந்தத் தானியத்துக்கு அந்தந்த ஊர்க் களத்தில் அளந்து பார்த்து ஊரறிய அறிவிக்க வேண்டும். என் பெயர் இல்லை, சுந்தரவரதன் பெயரும் இல்லை. நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சாணார்பட்டிச் சந்தையில் தண்டோரா போட ஏற்பாடு செய்து, கூடவே போய் நின்றேன். ஒரு பக்கம் நல்லமுத்துவும் மற்ற நிலக்காரர்களும். இன்னொரு பக்கம் பேச்சியும் அவள் ஆட்களும். தண்டோராக்காரர் தாளைப் பிடித்துக்கொண்டு கொட்டினார். “இதனால சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா...” என்று முழுவதையும் சொல்லி முடித்தார்.

பேச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “ஏப்பா, செத்த நிறுத்து. இது நாங்க களத்துல நின்னு சொன்னதுல்ல? எங்க வாயில இருந்து போனத எங்களுக்கே கொட்டடிச்சுச் சொல்றீகளா?”

“தாள்ல இருக்கதத்தான்மா நான் சொல்ல முடியும்.”

“அப்பத் தாள்ல இல்லாததையும் சேத்துச் சொல்லு. இது எங்களக் கேட்டுப் போட்ட உத்தரவுன்னு சொல்லு.”

தண்டோராக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அரசாங்க அறிவிப்பில் ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அது விதி. சொல்லுங்க என்று நான் தலையை ஆட்டினேன்.

அவர் ஓங்கிக் கொட்டினார். “இது களத்துல கேட்டுப் போட்ட உத்தரவு, சாமியோவ்!”

“இன்னொருக்கா சொல்லுப்பா” என்றாள் பேச்சி, நிலக்காரர்கள் நின்ற பக்கம் கையை நீட்டி. “அங்கிட்டு நிக்கிறவுகளுக்குச் சரியாக் கேக்கல.”

அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இன்னொரு தடவை சொன்னார்.